நாற்காலிக்குப் பின்னால் பதிமூன்று குதிரை

வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் வாயையே திறக்க வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். சரி என்கிற மாதிரி, ஒரே ஒரு முறை.

அவள் தலையை ஆட்டினாள்.

"பாத்தியா!" என்று கணவன் மகளின் தோளில் தட்டினான். "நம்ம வீட்டு இன்ஸ்பெக்டரம்மாவே ஓகே சொல்லிட்டாங்க. இன்னிக்கு மழைதான்."

மகள் சிரிக்கவில்லை. ஆனால் அம்மாவை ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள்.

கார் இல்லாத கார் கொட்டகையின் சிமெண்டுத் தரையில், பழைய போர்வை ஒன்றின் மேல் அந்த எஞ்சின் உட்கார்ந்திருந்தது. மூடிப்போன அச்சகம் ஒன்றின் ஜெனரேட்டரிலிருந்து கழற்றியது. பதிமூன்று எச்.பி., பதிமூன்று குதிரைச் சக்தி. அதன் பக்கத்தில் அவர்களுடைய கோ-கார்ட், தரையை ஒட்டி ஓடும் குட்டிப் பந்தய வண்டி, நின்றது. கணவனும் மகளும் ஒரு வருடமாகச் சேர்த்துச் சேர்த்துச் செய்தது. இரும்புக் கட்டிலின் குழாய்களை அறுத்து வெல்டு வைத்து ஒட்டிய சட்டம், தள்ளுவண்டிச் சக்கரங்கள், கால்களை வெட்டிவிட்ட சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் தண்ணீர் பம்பின் ஐந்தரை எச்.பி. எஞ்சின். அதை இறக்கிவிட்டு இதை ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பந்தயம்.

பம்பும் ஜெனரேட்டரும் பழுதுபார்க்கும் கடையில் அவளுக்குப் பதினேழு வருட வேலை. எஞ்சினைப் போர்வையில் இறக்கிய கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜெனரேட்டருக்கென்று செய்த எஞ்சினில் ஷாஃப்ட், அந்தச் சுழலும் தண்டு, நுனியை நோக்கிக் கூம்பிக்கொண்டே போகும். அதில் மாட்டிச் சங்கிலியை இழுக்க வேண்டிய இவர்களுடைய கிளட்ச்சின் துளையோ நேரானது. ஒன்றுக்குள் ஒன்று போகவே போகாது. கணவனுக்கு அது தெரியாது. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற மனிதன். கடையில் அரை மில்லிமீட்டர் பிசகாமல் கண்ணாடி வெட்டுவான். கடைக்கு வெளியே எதையும் அளந்து பார்த்தது கிடையாது.

சொல்லவில்லை. சொன்னால் அது வேண்டாம் என்று சொன்ன கணக்கில்தான் சேரும்.

அந்தக் கணக்கு நீளமானது. அதில் கடைசியாகச் சேர்ந்தது போன வருடத்து நீச்சல் போட்டி. மகள் பள்ளி அணியில் வெளியூர் போக வேண்டும். காதில் சீழ் வைத்திருந்தது. அம்மா வேண்டாம் என்றாள். மகள் அழுதாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். அவள் அசையவில்லை. அணி போய்த் திரும்பிய பிறகு ஒருநாள் டாக்டர் சின்ன விளக்கைக் காதுக்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "இது எப்பவோ ஆறிடுச்சே. தாராளமா நீந்தியிருக்கலாமே" என்றார். மகள் அப்போது அழவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் பேசியதெல்லாம் "ம்", "சரி", "தெரியல". அப்பாவிடம் வாய் ஓயாது. சமையலறையில் அம்மா நுழைந்தால் பாதி வாக்கியம் பாதியிலேயே நிற்கும்.

எத்தனை நாளாக என்று தெரியவில்லை, அவள் மகளின் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தாள். நேற்று ஒன்பது. அதில் நான்கு "ம்".

ஒரு மணி நேரம் கழித்துக் கணவன் கிளட்ச்சைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது ஏன் உள்ள போக மாட்டேங்குது? வீங்கிப் போச்சா?"

"இரும்பு வீங்குமாப்பா?" என்றாள் மகள்.

"வெயில்ல வீங்கும். ரயில் தண்டவாளமே வீங்குது. அந்தச் சுத்தியலை எடு."

சுத்தியல் ஓங்குகிற வரையில் அவள் பொறுத்திருந்தாள். பிறகு, "லேத் பட்டறைக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா?" என்று கேட்டாள். இதில் வேண்டாம் என்ற சொல் இல்லை. மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

மகள் திரும்பினாள். "உனக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

ஆறு சொற்கள். "நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

"அடப்பாவமே, நாங்க என்ன பரீட்சையா எழுதறோம்?" என்று கணவன் சுத்தியலைக் கீழே போட்டான்.

லேத்காரர் அவளுக்குக் கடை வழியில் பழக்கம். பெரிய மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. அந்தக் கண்ணாடியால் ஒருநாளும் எதையும் பார்த்தவர் இல்லை. அதற்கு மேலாகத்தான் பார்ப்பார். ஷாஃப்டின் அளவு எழுதிய காகிதத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"யாரும்மா அந்தப் புத்திசாலி? ஜெனரேட்டர் எஞ்சினை வாங்கிட்டு வந்து நிக்கறது?"

"எங்க வீட்டுலதான் அண்ணே."

சிரிப்பு நின்றது. "அதுக்கென்ன, நல்ல எஞ்சின்தான். உள்ள கூம்பா, வெளிய நேரா ஒரு உறை கடைஞ்சு குடுத்துடறேன். மேல நீள போல்ட் போட்டு இறுக்கிட்டா சட்டை போட்ட மாதிரி நிக்கும்." பிறகு மகளைப் பார்த்து, "இந்தப் பாப்பாவா ஓட்டப் போறது? உங்க அம்மா கைபட்ட எஞ்சின் இந்த ஊர்ல எத்தனை ஓடுது தெரியுமா? எனக்குச் சந்தேகம் வந்தா உங்க அம்மாவைத்தான் கேப்பேன். வீட்டுல அவங்க பேச்சைக் கேக்க ஆள் இல்லைன்னா அவங்களை இங்க அனுப்பி வைம்மா, நான் கேட்டுக்கறேன்" என்றார்.

மகள் லேத்தின் அருகே போய் நின்றாள். இரும்பு நீலமாகச் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. ஒரு சுருளைத் தொடக் கை நீட்டியவளிடம், "சுடும்" என்று சொல்ல வந்து அவள் நிறுத்திக்கொண்டாள். மகள் தொட்டாள். சுட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, "சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள்.

அம்மா. எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சொல் வந்து! அவள் லேத்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரம் கடை முடிந்ததும் நேராகக் கொட்டகைக்கு வந்தாள். எஞ்சின் உட்காரும் தகட்டின் பழைய ஓட்டைகள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. கனமான புதிய தகடு போட்டார்கள். புது எஞ்சின் பழையதைப்போல இருமடங்கு எடை. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்துபோனது. தகட்டுக்கு அடியில் குறுக்குக் குழாய் ஒன்றை அவளே ஒட்டினாள். சங்கிலி நேராக ஓடுகிறதா என்று இரண்டு பல்சக்கரங்களின் மேலும் இரும்பு ஸ்கேலை வைத்து மகளைப் பார்க்கச் சொன்னாள். மகள் தரையில் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு நூல் உள்ள... போதும்... இல்ல, அரை நூல் வெளிய" என்று சொல்லச் சொல்ல அவள் தட்டித் தட்டி நகர்த்தினாள்.

யாரிடமும் கேட்காமல் கடையிலிருந்து ஒரு பழைய ஸ்கூட்டரின் டிஸ்க் பிரேக்கைக் கொண்டுவந்து பின் அச்சில் மாட்டினாள். மகள் அதை வினோதமாகப் பார்த்தாள். வேண்டாம் என்பதை வாயால் சொல்லாமல் நட்டு போல்ட்டாக மாற்றி முடுக்கிவிடலாம் போலிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருடமாக இது தெரியாமல் போயிற்றே என்றிருந்தது. ஒன்பதாம் நம்பர் ஸ்பேனர் எது, பத்தாம் நம்பர் எது என்று மகளுக்குப் பார்க்காமலே கை சொல்லத் தொடங்கியது. அன்றன்றைய சொற்கள் ஐம்பது, அறுபது என்று ஏறின. பாதி "அதை எடு", "இதைப் பிடி"தான். ஆனாலும் எண்ணினாள்.

வியாழன் மாலை சோதனை ஓட்டம். காலியாகக் கிடந்த கிடங்கு ஒன்றின் முன்னால் அகலமான சிமெண்டு முற்றம். வீட்டில் வண்டி செய்கிற பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் ஓட்டுவார்கள். மகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. வண்டி எகிறிக்கொண்டு புறப்பட்டது. கணவன் கைதட்டினான்.

மூன்று சுற்று முடித்து மகள் வந்து நின்றபோது முகத்தில் ஏதோ குறைந்திருந்தது.

"நல்லா எடுக்குது. ஆனா நீளமான பக்கத்துல ஒரு அளவுக்கு மேல போகவே மாட்டேங்குது. பின்னாடியிருந்து யாரோ சட்டையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி."

பக்கத்தில் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பையனுக்குத் தடித்த கண்ணாடி. எல்லாரும் அவனை புரொபசர் என்றுதான் கூப்பிடுவார்கள். போன இரண்டு பந்தயத்திலும் ஜெயித்தவன். "ஆமைக்குப் பெரிய ஓடு மாத்தியிருக்கீங்க" என்றான். "ஓடு சூப்பரா இருக்கு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். மகள் ஹெல்மெட்டின் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

"பரவாயில்லடா, இதுவே நல்ல வேகம்தான்" என்றாள் அவள்.

"ம்" என்றாள் மகள்.

அந்த "ம்" அவளுக்குத் தெரிந்த "ம்". டாக்டர் அறையில் செருப்பு மாட்டிய நாளிலிருந்து தெரிந்தது. ஒரு வாரமாக ஏறிய எண்ணிக்கையெல்லாம் அதற்குள் விழுந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சட்டையைப் பிடித்து இழுப்பது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த மாதிரி எஞ்சின்களில் கவர்னர் என்று ஒன்று உண்டு. எஞ்சின் தாங்கும் வேகத்தைத் தாண்டப் போகும்போது அதுவே பெட்ரோல் விடும் கார்பரேட்டரை மெல்ல மூடிவிடும். வெளியே தெரிவது விரல் நீளத்தில் ஒரு மெல்லிய கம்பி, ஒரு சின்ன ஸ்பிரிங். அவ்வளவுதான். கம்பியைக் கழற்றிவிட்டு மிதியின் கேபிளை நேராக கார்பரேட்டரில் கோத்துவிட்டால், கேட்பார் யாரும் இல்லை.

"ஒரு நிமிஷம் இறங்கு" என்றாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கணவன் தண்ணீர் வாங்கப் போயிருந்தான். மகள் யாருக்கோ போனில் செய்தி தட்டிக்கொண்டிருந்தாள். கம்பியும் ஸ்பிரிங்கும் அவளுடைய வேலைச் சட்டையின் பைக்குள் போயின.

"என்ன பண்ணின?"

"சும்மா ஒரு அட்ஜஸ்ட்மெண்ட். போய் ஓட்டிப் பாரு."

நீளமான பக்கத்தில் வண்டி திரும்பியது. வேகம் ஏறியது. எஞ்சின் அடங்க வேண்டிய இடத்தில் அடங்கவில்லை. மேலே போனது. இன்னும் மேலே போனது. மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். அவளுக்கு அது தனக்குத் தெரிந்த ஒரு குரல், ஒருநாளும் போகாத உயரத்துக்குப் போய்க் கத்துவது. புரொபசர் துடைக்கும் துணியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டான்.

திரும்பி வந்த மகள் எஞ்சினை நிறுத்தக்கூட இல்லை. ஹெல்மெட்டோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். ஹெல்மெட் அவள் மோவாயில் இடித்தது. "அம்மா! அம்மா, எப்படிம்மா! காத்து அப்படியே மூஞ்சில அறையுதும்மா! அந்தத் திருப்பத்துல பின்சக்கரம் வழுக்கிச்சு பாத்தியா, நான் பயப்படவே இல்ல, இல்ல கொஞ்சம் பயந்தேன், ஆனா..."

அன்று மாலை முழுவதும் மகள் பேசினாள். சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, பள்ளியைப் பற்றி, புரொபசரைப் பற்றி, யாரோ ஒருத்தி முடி வெட்டிக்கொண்டு வந்து அழுததைப் பற்றி. அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் காய் நறுக்கும்போது குனிந்தால் சட்டைப்பையிலிருந்த கம்பி நெஞ்சில் குத்தியது. எடுத்து டப்பாவில் போடலாம் என்று தோன்றியது. மகள் எதிரே எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை கடையில் ரசீது எழுதப் பென்சிலைத் தேடினாள். அவளுடைய மேஜை மேல் ஓர் உடைந்த எஞ்சின் கூடு உண்டு. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அதில்தான் பென்சில், பேனா, கத்தரிக்கோல் எல்லாம் போட்டு வைப்பார்கள். எவரோ கவர்னரைக் கழற்றி ஓட்டிய எஞ்சின் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். உள்ளே பிஸ்டனோடு ஓடுகிற ராடு முறிந்து சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததாம். பதினேழு வருடமாக அந்த ஓட்டைக்குள் கைவிட்டுப் பென்சில் எடுக்கிறாள். இன்றும் விட்டாள். விரல்கள் பென்சிலைப் பிடிக்கவில்லை. ஓட்டையின் விளிம்பைத் தடவின. விளிம்பு வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது.

எந்தப் பக்கச் சுவர் இது? கூட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். வண்டியில் எஞ்சின் உட்காரும் வாக்கில் வைத்துப் பார்த்தாள். இந்தச் சுவருக்கு நேர் எதிரே, ஒரு சாண் தள்ளி, அந்தச் சிவப்பு நாற்காலியின் முதுகு. பிளாஸ்டிக்.

நீச்சல் போட்டிக்கு வேண்டாம் என்று சொன்னபோது அவளுக்கு மகளின் காது மட்டும்தான் நினைவில் இருந்தது. தவறாகத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது மகளுக்காக. நேற்று கம்பியைக் கழற்றிச் சொன்ன சரி? அதை யாருக்காகச் சொன்னாள்? கையில் பென்சில் இல்லாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். முதலாளி வந்து, "உடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்டபோது, "ஆமா அண்ணே, ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றாள். அது பொய்யும் இல்லை.

கொட்டகையில் யாரும் இல்லை. சட்டைப்பையிலிருந்த கம்பியையும் ஸ்பிரிங்கையும் பழைய இடத்தில் மாட்ட நான்கு நிமிடம் ஆனது. மாட்டிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கடைக்குப் போனாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் அவள் செய்த இரண்டாவது தவறு.

சனிக்கிழமை அதே முற்றத்தில் பந்தயத்துக்கு முந்தைய ஓட்டம். வண்டி நீளமான பக்கத்தில் பழையபடி ஓர் அளவோடு நின்றுகொண்டது. மகள் இரண்டே சுற்றில் திரும்பிவிட்டாள். "அப்பா, செத்துப் போச்சுப்பா!"

"பெட்ரோல் கலப்படம்" என்றான் கணவன் உடனே. "நேத்து நான் போட்ட இடத்துல வரிசையே இல்ல. அப்பவே நெனச்சேன்."

பெட்ரோலை வடித்தான். வேறு வாங்கிவந்து ஊற்றினான். பயனில்லை. பிளக்கைக் கழற்றி ஊதினான். காற்று வடிகட்டியைத் தட்டினான். நெற்றியெல்லாம் கரி. எஞ்சினோடு அவனே பேசிக்கொண்டிருந்தான், "என்ன கோவம் உனக்கு, சொல்லு, என்ன கோவம்?" அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் அவர்களே சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். பழியை பெட்ரோல் ஏற்றுக்கொள்ளும். வேண்டாம் என்று சொல்லாமலே முடிந்துவிடும்.

மகள் குனிந்து கார்பரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் அம்மாவோடு தரையில் படுத்து வேலை செய்த கண்கள்.

"வியாழக்கிழமை இந்தக் கம்பி இங்க இல்ல" என்றாள்.

கணவன் ஊதுவதை நிறுத்தினான்.

"நான்தான் கழட்டினேன்" என்றாள் அவள். "நேத்து நானே திரும்பப் போட்டேன்."

"ஏன்?"

"அது இல்லாம ஓட்டினா எஞ்சின் தாங்காது. இன்னிக்கும் உடையலாம், ஒரு வருஷம் கழிச்சும் உடையலாம். உடைஞ்சா உள்ள இருக்கறது வெளிய வரும். உன் முதுகுக்கு நேரா."

"உடையாமலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"காது மாதிரி."

"ஆமா. காது மாதிரியும் ஆகலாம்."

கணவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நாளைக்கு ஒரு நாள்தானே?" என்றான் தணிந்த குரலில். "பத்தே சுத்து. அப்புறம் போட்டுடலாம். பாவம், குழந்தை எவ்வளவு ஆசையா..." எஞ்சினின் பக்கச் சுவரையும் நாற்காலியையும் அவனுடைய கண் தானாகவே அளந்துகொண்டிருந்தது. கடையில் கண்ணாடியை அளக்கிற கண்.

"அப்ப வியாழக்கிழமை எதுக்குக் கழட்டின?" என்றாள் மகள். குரலில் கோபத்தைவிட வேறெதுவோ இருந்தது. "தாங்காதுன்னு அப்பவும் தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"பின்ன?"

பொய் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. லேத்காரரிடம் போன அன்று, கண்டுபிடிப்பீங்கன்னு பாத்தேன் என்று சொன்னது போல ஒன்று. அவள் அதை எடுக்கவில்லை.

"நீ என்கிட்ட பேசணும்னு."

முற்றத்தின் மறுகோடியில் யாருடைய வண்டியோ இருமிக்கொண்டே கிளம்பியது. மகள் தரையைப் பார்த்தாள். காதோரம் சிவந்திருந்தது. கருவிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, பார்க்காமலே பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள். எழுந்து வந்து அம்மாவின் முன்னால் நீட்டினாள்.

"நான் பேசறேன்மா" என்றாள். "நிஜமா. தினமும் பேசறேன். நாளைக்கு மட்டும் கழட்டிக் குடு."

அந்தச் சொற்களை எண்ண வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மகளின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். அதில் மகளின் உள்ளங்கைச் சூடு இருந்தது. சட்டையின் ஓரத்தால் கிரீஸைத் துடைத்தாள். குனிந்து, பெட்டியில் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவே, அதற்கான பள்ளத்தில் வைத்தாள்.

"வேண்டாம்டா" என்றாள்.